பள்ளம் தோண்டக் கூடாத மாசம்

ஜூன் 2, திங்கள்

இவங்களை, எங்க ஊட்டுக்காரரை, ஆஸ்பத்திரியிலிருந்து ஊட்டுக்குக் கூட்டியாந்தாச்சு. தோப்பு வாய்க்கால்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய், பிளேட்டு வெச்சுத் தெச்சு அனுப்பியிருக்காங்க. வாக்கரைப் புடிச்சுக்கிட்டு கொஞ்சமா எட்டு வெக்கறாங்க. கெளம்பறப்ப டாக்டரு கண்டிசனாச் சொன்னாரு: "கீழ குத்தவெச்சு உக்காரவே கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்டுத்தான்." எம் மகன் பூபதி பெரிசாத் தலையாட்டுனான்.

எங்க ஊட்டுல வெஸ்டர்ன் டாய்லெட்டு இருக்குது. ஆனா இல்லை. ஊடு கட்டுனப்பவே பூபதி, படுக்கற ரூமை ஒட்டி பாத்ரூம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, வெள்ளைப் பீங்கானையும் வெச்சுட்டான். வெளிய செப்டிக் டேங்க் மட்டும் தோண்டணும். இவங்க குறுக்க நின்னுக்கிட்டாங்க. "சோறு திங்கற ஊட்டுக்குள்ள கக்கூசா? அப்பறம் நானு களத்துலதான் படுப்பேன்"னு ஒரே ஆட்டம். டேங்க்கு தோண்டவே இல்லை. பாத்ரூமு சாமான் ரூம் ஆயிருச்சு. அந்தப் பீங்கான் மேல இத்தனை வருசமாப் புளி மூட்டைதான் மகராசியாட்டம் உக்காந்திருக்குது. எங்களுக்கெல்லாம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில, களத்தைத் தாண்டி, மேட்டுல படி ஏறிப் போற பழைய கக்கூசு. அங்க குத்தவெச்சுத்தான் உக்காரணும்.

இப்போதைக்கு நடுவுல ஓட்டை போட்ட நாற்காலியும், அடியில ஒரு பக்கெட்டும். கட்டில் பக்கத்துல வெச்சு, மறைப்புக்கு என் பழைய சேலையைக் கட்டிவிட்டேன். இவங்க அதைப் பார்த்துட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

"டேங்க்குதானேம்மா, தோண்டிப்போடலாம்"ங்கறான் பூபதி. சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போய் நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுனேன். மருமக இளமதிக்கு நாலாம் மாசம் நடக்குது. மாசமா இருக்கறவ ஊட்டுல பள்ளம் தோண்டக் கூடாது, இது ஊருக்கே தெரியும். போன வருசம் காம்பவுண்டுச் சொவத்து அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுனமே, அந்த வாரந்தான் மதிக்குக் கலைஞ்சுது. அவ மாசமா இருந்ததே கலைஞ்சப்பறந்தான் எனக்குத் தெரியும். ஆளு விட்டுத் தோண்டச் சொன்னது நானு. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. "கடக்கால் எடுத்தாங்களாமா"ன்னு மட்டும் ஊரெல்லாம் பேசுனாங்க.

எனக்கு இதுலயெல்லாம் பெரிய நம்பிக்கை கெடையாது. சம்பந்தியம்மா மனசு சங்கடப்படும், அதுக்குத்தான் பார்க்கறேன்.

ஜூன் 4, புதன்

மேஸ்திரி செங்கோடனை வரச்சொன்னேன். தோண்டறதுக்கு இல்லை. சும்மா பார்த்து வெக்கலாமேன்னு. அந்த மனுசன் ஒரு காதுல போன் பேசிக்கிட்டே இன்னொரு காதுல நம்ம பேச்சைக் கேக்கற ஆளு. வந்ததும் வராததுமா டீ கேட்டான்.

"பழைய குழிக்கே பைப்பைத் திருப்பிவிட முடியாதா?"ன்னேன்.

"அது மேட்டுல இருக்குதுங்கக்கா. ரொம்பியும் போச்சு. பள்ளத்துல இருந்து மேட்டுக்கு அது என்ன கால் வெச்சு நடக்குமாங்க?"

அப்பறம் வெரலை மடக்கிக்கிட்டு வியாக்கியானம். வட்டமா சிமெண்டு உறை எறக்கி விட்டுட்டா சீக்கிரம் முடியுமாம். ஆனா அடியில தரை கெடையாது, அத்தனையும் மண்ணுக்குள்ள எறங்கி நம்ம கெணத்துக்கே வந்து சேருமாம். செங்கல்லுல ரெண்டு அறை வெச்சுக் கட்டுனா, மொத அறையில கசடு தங்கி, ரெண்டாவதுல தண்ணி தெளிஞ்சு, தெளிஞ்ச தண்ணி தனியா ஒரு ஊறல் குழியில போய் எறங்குமாம். "பேரன் காலத்துக்கும் நிக்கும்"னான். ரெடிமேடா பிளாஸ்டிக்குலயும் வருதாம், அதைச் சொல்றப்பவே மூஞ்சியைச் சுளிச்சான். "அதெல்லாம் ஒரு டேங்க்காங்க? டப்பாங்க."

பூபதி மாமனார் போன்ல வந்து, வாஸ்துப்படி வடமேக்கு, வாயு மூலையிலதான் வெக்கணும்னாரு. "அங்கதாங்க கெணறு இருக்குது, உள்ளயே கட்டிரலாங்களா?"ன்னு செங்கோடன் சத்தமாவே கேட்டுப்போட்டான். போன் கட் ஆயிருச்சு.

தெக்குப் பக்கம், வாழைக்கு அக்கட்ட, கெணத்துக்கு நல்லாத் தள்ளி ஒரு எடத்தைக் காட்டுனேன். மண்ணு எப்படின்னு பார்க்கறேன்னு கடப்பாரையை ஓங்கிட்டான். "குத்தாதே!"ன்னு நான் போட்ட சத்தத்துல வாழையில இருந்த காக்கா பறந்துருச்சு. செங்கோடன் ஓங்குன கை ஓங்குனபடி நிக்கறான். அப்பறம் மதி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்த பக்கம் பார்த்தான், கடப்பாரையைக் கீழ வெச்சுட்டான்.

"கொழந்தை பொறக்கட்டுங்க்கா. அப்பறம் கூப்பிடுங்க" அப்படின்னுட்டுப் போய்ட்டான். அதுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்குது!

ஜூன் 6, வெள்ளி

பூபதி ரெண்டு நாளா யூடியூப்பே கதின்னு கெடந்து ஒரு கண்டுபிடிப்போட வந்தான். டேங்க்கை பூமிக்கு மேலயே வெச்சுக்கலாமாம், தோண்டவே வேண்டாமாம். எனக்கு நெஞ்சுல பால் வார்த்தமாதிரி இருந்துச்சு. செங்கோடனுக்குப் போன் போட்டுக் கேட்டா, "தாராளமா வெக்கலாங்க. பெரியவரைத்தான் மொட்டை மாடிக்கு மாத்தோணும்"ங்கறான். வாயை மூடாமச் சிரிக்கறான். நானும் சிரிச்சுப்போட்டேன், என்ன பண்றது.

அப்பறம் பயோ டேங்க்குன்னு ஒண்ணு. அதுக்குள்ள பாக்டீரியா விட்டா அதுவே எல்லாத்தையும் தின்னு தண்ணியாக்கிருமாம். மதி காய் நறுக்கிக்கிட்டே, "அதுக்கும் மசக்கை வந்துட்டா என்னங்க பண்றது?"ன்னா. அந்தப் புள்ளை சிரிச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சு. ஆனா பயோவோ பூதமோ, அதுக்கும் பள்ளம் தோண்டித்தான் ஆகணுமாம்.

ஜூன் 7, சனி

சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போன எடத்துல நேரமாயிருச்சு. நான் வர்றதுக்குள்ள மதி பக்கெட்டை எடுத்துட்டுப் போய் ஊத்தி, கழுவி, டெட்டாலும் விட்டு வெச்சுட்டா. மூக்குல முந்தானையைக் கட்டிக்கிட்டு. பொடக்காலியில நின்னு ஓங்கரிச்சிருக்கா பாவம், கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. "ஏஞ்சாமி, நான் வரமாட்டனா?"ன்னா, "மாமாவுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதாங்க"ங்கறா. பெத்த புள்ளை செய்யாது இப்படி. தங்கம் அவ.

சாயங்காலம் பொழுதோட இவங்க சோறு வேண்டாம்னுட்டாங்க. மாத்திரை வாய்க்குக் கசக்குது போல.

ஜூன் 9, திங்கள்

வெடியால ஒரு இட்லி. மத்தியானம் அரை டம்ளர் மோரு. வேற ஒண்ணும் எறங்கலையாம். தக்காளி ரசம் வெச்சுப் பார்க்கறேன் நாளைக்கு.

ஜூன் 10, செவ்வாய்

ரசமும் வேண்டாமாம். தலைமாட்டுல வெச்ச சொம்புத் தண்ணி வெச்சபடியே இருக்குது. "தண்ணி கூடவா கசக்குது?"ன்னு சத்தம் போட்டேன். "ஒடம்பு அசையாமக் கெடக்கறவனுக்கு எதுக்குடி இத்தனை?"ன்னாங்க. என்னை டீ போட்டுப் பேசி வெகு நாளாச்சு. கோவமாச் சொல்லலை. கெஞ்சறாப்பல இருந்துச்சு.

பக்கெட்டு வேலை இப்பக் கொறைஞ்சு போச்சு. ஒருவிதத்துல எனக்குச் சுளுவுதான்.

ஜூன் 12, வியாழன்

சம்பந்தியம்மாவுக்குக் காங்கேயத்துக்குப் போன் போட்டேன். நெலமையைச் சொல்லி, "நாங்க ஒண்ணும் தோண்டலைங்க, நீங்க பயப்படாதீங்க, போன வருசம் பட்டதே போதும்"னேன். அவங்க, "அது எதனாலயோங்க சம்பந்தி... நீங்க உங்களுக்குத் தோதுப்பட்டபடி செய்யுங்க"ன்னு இழுத்தாங்க. கோவம் போல. பின்ன இருக்காதா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு மூஞ்சியில முழிக்கறது?

மதியைக் காங்கேயத்துக்கு அனுப்பிட்டுத் தோண்டலாம்னு பூபதி சொன்னான். எங்க இருந்தா என்னடா, வயித்துல இருக்கறது இந்த ஊட்டுப் புள்ளைதானேன்னுட்டேன்.

ஜூன் 14, சனி

இவங்களுக்குக் கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. முந்தியெல்லாம் "அம்மிணி, டிவி போடு", "அம்மிணி, பேப்பர் எங்க?"ன்னு மதியைத்தான் கூப்புட்டுக்கிட்டு இருப்பாங்க. என்னை விட அவகிட்டத்தான் சலுகை. இப்ப ஒரு வாரமா அவ ரூமுக்குள்ள வந்தாலே கண்ணை மூடித் தூங்கறாப்பல படுத்துக்கறாங்க. அவளும் வாசப்படியிலயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிர்றா. எனக்கு ஒண்ணும் புடிபடலை. வலி அதிகமா இருக்குமோ என்னவோ.

ஜூன் 17, செவ்வாய்

வெடியால எழுப்பப் போனா ஒடம்பு கொதிக்குது. என்னைப் பார்த்து அவங்க அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. பூபதி ஆம்புலன்சுக்கு ஓடுனான். எழுதக் கை வரலை.

ஜூன் 18, புதன்

யூரின்ல இன்பெக்சனாம். ஒடம்புல தண்ணியே இல்லாம வத்திப் போச்சாம். "நாச்சிமுத்துவுக்கு யாரு அட்டெண்டரு?"ன்னு டாக்டரம்மா என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளையைக் கேக்கற மாதிரி. "தண்ணி குடுக்கறீங்களா இல்லையா? கிட்னி போயிருந்தா என்னம்மா பண்ணுவீங்க?" நான் குடுக்காமலா? சொம்பு சொம்பா வெச்சனே!

குளுக்கோஸ் ஏறுனதும் தெளிவு வந்துருச்சு. பொழுதோட கேன்டீன் இட்லி வாங்கிக் குடுத்தேன். கல்லாட்டம் இருக்குது, சாம்பார்ல பருப்பையே காணோம். இவங்க நாலு இட்லியும் தின்னுட்டு தண்ணியும் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. எனக்குச் சந்தோசம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். நாப்பது வருசமா ஆக்கிப் போட்டவ கையி அத்தனை மோசமாப் போச்சா?

மதிகிட்டப் புலம்புனேன். அவ ஒண்ணும் பேசாம, வார்டுல கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கற பாத்ரூமைக் காட்டுனா. இவங்க அப்பத்தான் வாக்கரைப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிக்கிட்டு இருந்தாங்க. நர்சு கூட வந்ததுக்கு வேண்டாம்னு கையைக் காட்டிட்டு, கதவைச் சாத்திக்கிட்டாங்க.

"இங்க கதவு இருக்குதுங்கத்தை"ன்னா மதி.

எனக்கு அப்பவும் வெளங்கலை. அவளே சொன்னா. "நான் அன்னைக்கு அந்தப் பக்கெட்டை எடுத்துப்போட்டனுங்க. அன்னையிலிருந்துதாங்க மாமா சாப்பாட்டைக் கொறைச்சது. தின்னாத்தானே போகோணும்."

அப்படியே அங்க கெடந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன். ஒரு ஆளு எம் முன்னாடி பட்டினி கெடந்திருக்காரு. நான் என்னடான்னா மாத்திரை கசக்குது, தக்காளி ரசம் வெச்சுப் பார்க்கறேன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். பக்கெட்டு வேலை சுளுவாப் போச்சுன்னு வேற எழுதி வெச்சிருக்கேன், பாவி.

ஜூன் 19, வியாழன்

இன்னைக்கு நடந்ததை ஒழுங்கா எழுதணும்.

மத்தியானம் இவங்க தூங்கறப்ப, நானும் மதியும் ஆஸ்பத்திரி வாசல்ல பெஞ்சுல உக்காந்திருந்தோம். கொய்யாக்கா வாங்கி அவளுக்கு அரிஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தேன். "மாமாவுக்கு டேங்க்கு தோண்டிருங்கத்தை"ன்னா. எனக்கு எரிச்சல் வந்துருச்சு. "தோண்டறதுக்கு எனக்கு மட்டும் கசக்குதா? உன் வயித்தை நெனச்சுத்தானே சாமி நான் நெருப்பு மேல நிக்கறேன்? போன வருசம் பட்டது மறந்து போச்சா?"ன்னேன்.

அவ கொய்யாக்காயை அப்படியே மடியில வெச்சுட்டா.

"போன வருசம் கடக்கால்னால ஆகலைங்கத்தை."

"பின்ன?"

"நீங்க கடக்கால் எடுக்கறதுக்கு முந்தின வாரமே நானும் அம்மாவும் காங்கேயத்துல ஸ்கேன் பார்த்தமுங்க. துடிப்பு இல்லைன்னுட்டாங்க. தானாப் போயிரும், ஒரு வாரம் பாருங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. இங்க வந்தா நீங்க ஆளு விட்டுத் தோண்டிக்கிட்டு இருந்தீங்க. அந்த வாரமே போயிருச்சுங்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது.

"ஊரெல்லாம் கடக்காலைச் சொன்னாங்க. நான் சும்மா இருந்துட்டனுங்க. குத்தம் பள்ளத்து மேல போயிட்டா, என் வயித்து மேல வராதுல்லங்க? அவருக்குக் கூடச் சொல்லலை. இப்ப அதை வெச்சு மாமா பட்டினி கெடக்கறாருன்னா, நான் என்னங்கத்தை பண்ணுவேன்?"

பொய் எழுதக் கூடாது. எனக்கு மொதல்ல வந்தது கோவந்தான். அந்தக் காம்பவுண்டுச் சொவத்துப் பக்கம் நான் ஒரு வருசமாப் போனதில்லை. அதுக்கு வெள்ளை அடிக்கறப்ப, நான் பார்க்க மாட்டேன்னு உள்ளாற உக்காந்துக்கிட்டேன். கோயிலுக்குப் போனா, ஒரு சிசுவைத் தின்னவளாச்சேன்னு கும்புடக் கை எந்திரிக்காது. எல்லாம் சும்மாவா? கன்னத்துல ஒண்ணு விடலாம் போலத்தான் இருந்துச்சு.

அப்பறம் அவ மூஞ்சியைப் பார்த்தேன். அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? கையைப் புடிச்சு அழுதிருப்பனா? அந்த டாக்டரைப் பாரு, இந்தக் கோயிலுக்குப் போ, நாட்டு மருந்து தின்னுன்னு உசிரை வாங்கியிருப்பேன். பொட்டாட்டமா, சத்தமே காட்டாம இருக்கற பூபதியோட அத்தை, சித்தியெல்லாங்கூட சாடை பேசியிருப்பாங்க. அந்தப் பள்ளம்தான் அவளுக்கு ஒரு மறைப்பா இருந்திருக்குது. அவ பயந்ததுல ஞாயம் இருக்குது. பயப்படற மாதிரிதான் நாங்க இருக்கோம்.

"தின்னு, கறுத்துப் போகுது"ன்னு கொய்யாக்காயை எடுத்து அவ கையில வெச்சேன். ரெண்டு பேரும் ஒட்டுக்கா அழுதோம். வாட்ச்மேன் வந்து, "யாருக்கு என்னங்க ஆச்சு?"ன்னு பதறிப் போய்ட்டான்.

ஜூன் 20, வெள்ளி

செங்கோடனைத் திங்கக்கெழமை வரச் சொல்லிட்டேன். ஆடி பொறந்துட்டா ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது, ஆனியிலயே முடிச்சிரணும்.

சம்பந்தியம்மாகிட்டயும் சொன்னேன். மதி எல்லாத்தையும் சொல்லிட்டான்னு தெரிஞ்சதும் போன்லயே ஓன்னு அழுதாங்க. "பேசாம இருங்க, பொறக்கப் போறதைப் பார்ப்போம்"னு நாந்தான் தேத்துனேன். பூபதிகிட்ட மதியே சொல்லிக்குவா. அது அவங்க ரெண்டு பேர் பாடு.

இத்தனை தெரிஞ்சப்பறமும் கடப்பாரையை நெனச்சா நெஞ்சு திக்கு திக்குங்குது. அதையும் எழுதி வெக்கறேன்.

ஜூன் 21, சனி

தோண்டப் போற விசயம் இவங்க காதுக்குப் போயிருச்சு. "வேண்டாம் துளசி. என் ஒருத்தனுக்காகத் தோண்டி, அந்தக் கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி உசிரோட இருப்பேன்? நான் இப்படியே இருந்துக்கறேன்"ங்கறாங்க. நாலு இட்லி தின்ன தெம்புல புடிவாதமும் வந்துருச்சு.

மதி கட்டில் பக்கத்துல போய் நின்னா. இவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. அவ வுடலை. "மாமா, முழிச்சுட்டுத்தான் இருக்கீங்க, எனக்குத் தெரியும். தோண்டுனா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நீங்க இன்னொருக்கா பட்டினி கெடந்தாத்தான் எனக்கு ஏதாச்சும் ஆகும்." இவங்க கண்ணைத் தொறக்கலை. ஓரத்துல தண்ணி மட்டும் வழியுது. வேண்டாம்னு மறுபடி சொல்லலை, அதே போதும்.

ஜூன் 23, திங்கள்

வெடியால மஞ்சள்ல புள்ளையார் புடிச்சு வெச்சு, சூடம் காட்டுனோம். மொத வெட்டு ஊட்டு ஆம்பளை வெட்டணும்னு பூபதிகிட்ட மம்பட்டியை நீட்டுனான் செங்கோடன். நான் புடுங்கிக்கிட்டேன். பூபதி பொறக்கப் போற கொழந்தைக்குத் தகப்பன், அவன் கை வேண்டாம். நீ குடுக்கற நோவு ஏதாச்சும் இருந்தா என்னோட போகட்டும் பூமி ஆத்தா, என் ஊட்டுப் புள்ளைகளை விட்டுருன்னு சொல்லிக்கிட்டே மூணு வெட்டு வெட்டுனேன். மண்ணு ஒரு கூடை கூட வரலை.

பக்கத்து ஊட்டுப் பாப்பாத்தியக்கா வேலிக்கு அக்கட்ட நின்னு பார்த்துட்டு, "ஏம் புள்ள துளசி, மாசமாருக்கற புள்ளையை ஊட்டுல வெச்சுக்கிட்டு... உனக்கென்ன கிறுக்கா?"ன்னாங்க. மதி பதில் சொல்ல வாயெடுத்தா. நான் முந்திக்கிட்டேன். "ஆமாங்கக்கா, கிறுக்குத்தான். வயசாச்சுல்ல." அவ கதையை ஊருக்குச் சொல்றதா இருந்தா அவ சொல்லட்டும், சொல்லாட்டிப் போகட்டும். வேலி ஓரத்துல நின்னு சொல்ற கதையில்லை அது.

ஜூன் 24, செவ்வாய்

இடுப்பளவுதான் மண்ணு. அதுக்குக் கீழ சுக்காம்பாறை. செங்கோடன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டான். ஒடைக்கற மிசினைக் கொண்டாந்து ஒடைச்சா ஊடே அதிரும், மதிக்கு ஆகாது. ஆழம் கம்மியா, படுத்த வாக்குல நீளமா இருக்கற ரெடிமேட் டேங்க்கு பல்லடத்துல கெடைக்குதுன்னு பூபதி கண்டுபுடிச்சான். செங்கல்லுல கட்டுனா காயறதுக்கும் தண்ணி விட்டு ஆத்தறதுக்குமே ஆடி வந்துரும். டப்பாவே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். செங்கோடன் சாயங்காலம் வரைக்கும் என்கூடப் பேசலை.

பழைய கக்கூசுக்குப் போறப்ப வர்றப்பல்லாம் மதி அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்துட்டு வர்றா. நான் ஒவ்வொரு தரமும், "வழுக்கப் போகுது, தள்ளி நில்லு"ன்னு கத்தறேன். வழுக்கறதுக்கு அங்க ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது.

ஜூன் 27, வெள்ளி

இவங்க ஊட்டுக்கு வந்தாச்சு. நாற்காலி இன்னும் இருக்குது. பக்கெட்டை நான் மட்டுந்தான் எடுப்பேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்து, சோத்தைப் பாதி தின்ன வெச்சிருக்கேன். மிச்சப் பாதி டேங்க்கு வந்தப்பறமாம். "அதென்ன, டேங்க்குக்கு மொய் வெக்கறீங்களா?"ன்னேன். லேசாச் சிரிச்சாங்க.

ஜூன் 30, திங்கள்

டப்பா வந்து எறங்கிருச்சு. கறுப்பா, எருமை படுத்த மாதிரி. பள்ளத்துல மணல் பரப்பி எறக்குனாங்க. பூபதி ஒடனே சுத்தி மண்ணைத் தள்ளச் சொன்னான். செங்கோடன் ஒரே கத்து. "வெறும் டப்பாவுக்கு மண்ணு தள்ளுனா நசுங்கிரும். உள்ள தண்ணி ஏத்திக்கிட்டே வெளிய மண்ணு ஏத்தோணும்." அப்பறம் அவனே டேங்க்கோட வாயி எந்தப் பக்கம்னு பார்க்காமத் திருப்பி வெச்சுட்டு, மறுபடி தூக்கி எறக்குனான். அதுக்குப் பூபதி ஒரே கத்து. சரிக்குச் சரி ஆயிருச்சு, ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க. தெளிஞ்ச தண்ணி போறதுக்கு வாழைக்குப் பக்கத்துல சல்லியும் கல்லும் போட்டு ஊறல் குழி.

மதிக்கு இன்னைக்கு செக்கப்பு. துடிப்பு நல்லாக் கேக்குதாம். ஸ்பீக்கர்ல வெச்சுக் காட்டுனாங்களாம். பூபதி போன்ல பதிஞ்சுக்கிட்டு வந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டுனான். குதிரை ஓடற சத்தம். இவங்க இன்னொருக்காப் போடச் சொன்னாங்க.

ஜூலை 3, வியாழன்

புளி மூட்டையைக் கெளப்பி, வெங்காயத்தை மாடிக்கு மாத்தி, பாத்ரூமைக் கழுவித் தள்ளியாச்சு. செவுத்துல புடிச்சுக்கிட்டு எந்திரிக்கக் கம்பியும் அடிச்சாச்சு. மாசமா இருக்கறவ ஊட்டுல ஆணி கூட அடிக்கக் கூடாதும்பாங்க, ஒருக்கா யோசிச்சேன், அப்பறம் அடிக்கச் சொல்லிட்டேன். செங்கோடன் பக்கெட்டு பக்கெட்டாத் தண்ணி ஊத்திப் பார்த்தான். கடகடன்னு ஓடுது. மூடியைப் போட்டுட்டு அது மேல ஏறி நின்னு, "டப்பான்னாலும் பரவால்லைங்க"ன்னான்.

ஜூலை 5, சனி

இவங்க நேத்துப் பூராவும் போகலை. அந்தப் பக்கம் பார்க்கறதும், பார்க்காத மாதிரி இருக்கறதும். நாங்களும் ஒண்ணும் கேக்கலை.

இன்னைக்கு வெடியால காப்பி குடிச்சுட்டு வாக்கரை இழுத்தாங்க. நான் எந்திரிச்சேன். "நீ இரு"ன்னாங்க. மெதுவா உள்ள போய்க் கதவைச் சாத்துனாங்க. தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுச்சு.

"ஏனுங்க, தாழ்ப்பாள் போடாதீங்க, விழுந்துகிழுந்து வெச்சா..."

"அக்கட்டப் போ புள்ள!"

பூபதி சட்டுன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சான். மதி சமையல்கட்டுல போய் வேணும்னே பாத்திரத்தையெல்லாம் டங்கு டங்குன்னு எடுத்து வெச்சா. நானும் சும்மா இருக்க முடியாம மிக்சியில தேங்காயே இல்லாம ஓட்டுனேன். எங்க மூணு பேர்த்துல யாரும் யாரு மூஞ்சியையும் பார்க்கலை. எத்தனை நேரமோ. அப்பறம் தண்ணி இழுத்து விட்ட சத்தம் கேட்டுச்சு. நான் மிக்சியை நிறுத்துனேன்.

இவங்க வெளிய வந்தாங்க. கை கழுவி, மூஞ்சி கழுவி, தலைக்குக் கூடத் தண்ணி தொட்டுச் சீவியிருந்தாங்க. நேரா ஹால்ல சாப்பாட்டு மேசைக்கு வந்து, வாக்கரை ஒதுக்கி வெச்சுட்டு நாற்காலியில உக்காந்தாங்க. நான் தட்டெடுக்கத் திரும்பறதுக்குள்ள, சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாங்க.

"அம்மிணி! பசிக்குது சாமி. என்ன இருக்குது?"

மதி தோசைக் கரண்டியோடயே ஓடியாந்தா. "மெதுவா வா, மெதுவா வா"ன்னு இவங்க பதறுனாங்க. ஊத்த ஊத்தத் தின்னாங்க. ஒவ்வொண்ணையும் மதியே கொண்டாந்து போட்டா, என்னை அடுப்புப் பக்கமே விடலை.